ஃபைலின் அடியில் ஒரு பில்

அமெரிக்க வரி பனியன் கம்பெனிகளை அடித்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கம்பெனிகளுக்கு இணையதளம் செய்து கொடுத்தவர்களின் கணக்கு என்ன ஆனது?

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குத் திருப்பூரில் எந்த பனியன் கம்பெனியின் கணக்கறையை எட்டிப் பார்த்தாலும் ஏறத்தாழ ஒரே காட்சிதான். வாசலில் டைலர் கான்ட்ராக்டர்கள் நிற்கிறார்கள். செக்கிங் பெண்களின் ஷிஃப்ட் கணக்கை எழுதிய நோட்டோடு சூப்பர்வைசர் காத்திருக்கிறார். உள்ளே பணம் எண்ணும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. வாரச் சம்பளம் அன்றைக்கே போயாக வேண்டும். போகாவிட்டால் திங்கட்கிழமை பவர் டேபிளில் ஆள் இருக்காது. சம்பளம் முடிந்ததும் கணக்காளர் பேமென்ட் ஃபைலைப் பிரிக்கிறார். மேலே நூல் மில்லின் பில். அதை நிறுத்தினால் அடுத்த லாட் நூல் வராது. அதன்கீழ் டையிங், காம்பாக்டிங். துணி அவர்கள் கையில் இருக்கிறது. அப்புறம் பிரிண்டிங், எம்ப்ராய்டரி, பாலிபேக், அட்டைப்பெட்டி. எல்லாவற்றுக்கும் அடியில் ஏசி சர்வீஸ், காலண்டர் அடித்த பிரஸ், கூடவே 'இணையதளப் பராமரிப்பு, ஓராண்டுக்கு' என்று ஒரு இன்வாய்ஸ். முதலாளி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடுத்த ஷிப்மென்ட் போகட்டும்" என்கிறார்.

அடுத்த ஷிப்மென்ட் எப்போது போகும் என்பதுதான் 2025 ஆகஸ்டுக்குப் பிறகு பலருக்கும் தெரியாமல் போனது. ஆகஸ்ட் 7-ஆம் தேதி இந்தியப் பொருள்கள் மீது 25 சதவீதக் கூடுதல் வரியை அமெரிக்கா அமலாக்கியது. ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி 27-ஆம் தேதி இன்னொரு 25 சதவீதம் சேர்ந்தது. ஏற்கெனவே இருந்த சுங்க வரிக்கு மேல் இது. 2024-25-இல் 40,000 கோடி ரூபாயை ஒட்டி ஏற்றுமதி செய்த ஊர் திருப்பூர். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போனது. பையர்கள் ஆர்டரை நிறுத்தி வைத்தார்கள், தள்ளுபடி கேட்டார்கள். இவையெல்லாம் செய்தித்தாள்களில் நிறையவே வந்தன. குமரன் ரோட்டிலும் பி.என். ரோட்டிலும் அவிநாசி ரோட்டிலும் மாடிப்படி ஏறிப் போனால் இருக்கும் நான்கைந்து கம்ப்யூட்டர் கொண்ட டிசைன் ஆபீஸ்களைப் பற்றி யாரும் எழுதவில்லை.

மந்தம் வந்தால் இணையதள வேலை குறையும் என்பதைச் சொல்ல ஒரு கட்டுரை தேவையில்லை. புது வேலை குறைவது இந்தத் தொழிலுக்குச் சின்ன அடிதான். பணம் வரும் வரிசையில் அதற்குக் கிடைத்திருக்கும் இடம் இருக்கிறதே, பெரிய அடி அங்கிருந்து வருகிறது. அந்த இடத்தை மந்தம் உருவாக்கவில்லை. ஆர்டர் குவிந்த காலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்ததை அது வெளியே இழுத்துப் போடுகிறது.

துணி டையிங்காரர் கையில், சைட் யார் கையில்?

திருப்பூரின் பலம் அதன் ஜாப் ஒர்க் முறை. நிட்டிங் ஒருவர், டையிங் ஒருவர், காம்பாக்டிங் ஒருவர், பிரிண்டிங் ஒருவர் என்று ஒரு டி-ஷர்ட் பல கைகள் மாறுகிறது. எல்லோருக்கும் கடன்தான், எல்லோருக்கும் பாக்கிதான். ஆனாலும் டையிங்காரருக்கும் பிரிண்டிங்காரருக்கும் ஒரு பிடி உண்டு. பார்ட்டியின் துணி அவர் கூடத்தில் கிடக்கிறது. கூலி வராமல் சரக்கை அனுப்ப மாட்டேன் என்று அவர் சொல்லலாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170-ஆம் பிரிவில், ஒரு பொருளின் மேல் உழைத்தவர் கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. இந்தப் பிரிவைப் படிக்காத டையிங்காரருக்கும் இந்த உரிமை தெரியும். கப்பல் தேதி நெருங்க நெருங்க அவருடைய பில் ஃபைலில் மேலே ஏறுகிறது.

வெப் டிசைனரிடம் நிறுத்தி வைக்க என்ன இருக்கிறது? சைட் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கிறது. மிஞ்சிப் போனால் டொமைன் ரினியூவல் ஒன்றுதான் அவருடைய பிடி. அதனால்தான் இந்த ஊரில் நீண்ட நாளாக ஒரு வழக்கம் ஓடுகிறது: பார்ட்டியின் டொமைனை டிசைனர் தன் கணக்கிலேயே, சில நேரம் தன் பெயரிலேயே பதிவு செய்து வைத்துக்கொள்வது. பாக்கி ஏறினால் சைட் ஒரு நாள் 'தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது' என்று காட்டும். கம்பெனிக்காரர் கோபத்தோடு போன் செய்வார், பணம் வரும், உறவு போகும். இது சரியா என்று கேட்டால் சரியில்லை என்றே சொல்வேன். துணியை நிறுத்தினால் துணி மட்டும்தான் நிற்கும். டொமைனை நிறுத்தினால் அந்தப் பெயரில் இயங்கும் மின்னஞ்சலும் நிற்கும். பையர் அனுப்பிய ஆர்டர் ஷீட் அதில்தான் வந்துகொண்டிருக்கலாம். பத்தாயிரம் ரூபாய்ப் பாக்கிக்கு ஒரு கன்டெய்னரைப் பிடித்து வைப்பது போன்ற காரியம் அது. ஆனால் இந்த வழக்கத்தை வெறும் பித்தலாட்டம் என்று ஒதுக்குகிறவர்கள், அது ஏன் பிறந்தது என்பதையும் பார்க்க வேண்டும். வேறு எந்தப் பிடியும் இல்லாத ஜாப் ஒர்க்காரர் கண்டுபிடித்துக்கொண்ட பிடி அது.

சங்கிலி நீளும்போது கடைசிக் கண்ணிக்கு என்ன நடக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பையர் 90 நாளில் தர வேண்டிய பணத்தை 120 நாளுக்குத் தள்ளுகிறார். ஏற்றுமதியாளர் அந்த முப்பது நாளை நூல் மில்லிடம் காட்ட முடியாது, டைலரிடம் காட்டவே முடியாது. யாரிடம் காட்ட முடியுமோ அவர்களிடம் முப்பது நாளுக்குப் பதில் நூறு நாளாகக் காட்டுகிறார். ஒரு மாத தாமதம் மேலேயிருந்து கீழே இறங்கும்போது வளர்ந்துகொண்டே வருகிறது.

பெட்டி: 50,000 ரூபாய் பில் ஒன்றின் பயணம்

ஜி.எஸ்.டி. பதிவு உள்ள ஒரு டிசைன் நிறுவனம் 50,000 ரூபாய்க்கு இன்வாய்ஸ் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத வரி 9,000 ரூபாய். பார்ட்டி பணம் தந்தாலும் தராவிட்டாலும், இன்வாய்ஸ் போட்டுவிட்டதால் அந்த 9,000-ஐ டிசைனர் அடுத்த மாதமே அரசுக்குக் கட்ட வேண்டும். அதே இன்வாய்ஸை வைத்துக் கம்பெனி 9,000 ரூபாய் உள்ளீட்டு வரி வரவை எடுத்துக்கொள்ளலாம். 180 நாள்களுக்குள் பணம் தராவிட்டால்தான் அதைத் திருப்ப வேண்டும். கம்பெனி வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யும் நிறுவனமாக இருந்தால், செலவழியாமல் சேர்ந்த வரவை ரீஃபண்டாகவே கேட்கலாம். ஆக, டிசைனர் தன் கையிலிருந்து கட்டிய வரி, அவருக்கு ஒரு ரூபாயும் தராத பார்ட்டியின் வங்கிக் கணக்குக்குச் சட்டப்படியே போய்ச் சேர வழி இருக்கிறது.

கஷ்ட காலத்தில்தானே விளம்பரம் வேண்டும்?

இங்கே ஒரு மறுப்பு வரும். வியாபாரம் படுக்கும்போதுதான் புது வாடிக்கையாளரைத் தேட வேண்டும். ஆகவே மந்தத்தில் இணையதளச் செலவு கூடத்தானே வேண்டும்? டிசைன் நிறுவனங்களே தங்கள் விளம்பரங்களில் இதைத்தான் சொல்கின்றன. கேட்க நியாயமாகவும் இருக்கிறது. திருப்பூரின் பெரிய ஏற்றுமதியாளர்களைப் பொறுத்தவரை இது பொய்த்துப் போவதற்கு எளிய காரணம் உண்டு: அவர்களுக்கு ஆர்டர் இணையதளத்திலிருந்து வந்ததே இல்லை. வால்மார்ட், டார்கெட், பிரைமார்க் போன்ற பையர்கள் கூகுளில் தேடி கம்பெனி பிடிப்பதில்லை. பையிங் ஆபீஸ், ஃபேக்டரி ஆடிட், சாம்பிள், விலைப் பேச்சு, வெண்டர் கோடு என்று அந்தப் பாதை வேறு. 1978-இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வந்து நேரில் பேசிய நாளிலிருந்து இந்த ஊரின் ஏற்றுமதி ஆள் வழியாகத்தான் வளர்ந்தது. 1985-இல் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி இன்றைய அளவுக்கு வந்ததில் இணையதளத்தின் பங்கு என்ன என்று கேட்டால், நேர்மையான வெப் டிசைனர் சிரித்துக்கொள்வார்.

அப்படியானால் அந்தக் கம்பெனிகள் ஏன் சைட் வைத்திருக்கின்றன? பையரின் ஆள் வருவதற்கு முன் ஒரு தடவை பார்ப்பார் என்பதற்காக. மெஷின் எண்ணிக்கை, மாதம் எத்தனை லட்சம் பீஸ், ஓகோ-டெக்ஸ், காட்ஸ் சான்றிதழ்கள், கட்டடத்தின் முகப்புப் படம், நிறுவனரின் படம். ஒரு பெரிய விசிட்டிங் கார்டு, அவ்வளவே. விசிட்டிங் கார்டைக் கஷ்ட காலத்தில் யாரும் புதிதாக அடிப்பதில்லை; பழையதே போதும் என்று இருந்துவிடுவார்கள். முதலாளி கஞ்சத்தனத்தால் வெட்டுகிறார் என்று டிசைனர்கள் புலம்புவது வழக்கம். என்னைக் கேட்டால் அவர் கணக்குப் பார்த்துத்தான் வெட்டுகிறார். அந்தச் செலவு ஒரு பீஸ் டி-ஷர்ட்டின் விலைக் கணக்கில் எங்கும் உட்காரவில்லை. உட்காராத எதையும் கழற்றிவிடலாம்.

இந்த வாதத்துக்கு ஒரு விதிவிலக்கை ஒப்புக்கொண்டாக வேண்டும். ஸ்டைலுக்கு முந்நூறு, ஐந்நூறு பீஸ் மட்டும் எடுக்கும் சின்ன பிராண்டுகள் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கின்றன. அவர்களுக்கு பையிங் ஆபீஸ் கிடையாது. அவர்கள் தேடித்தான் வருகிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2022 மே மாதமும் ஆஸ்திரேலியாவோடு அதே ஆண்டு டிசம்பரிலும் வணிக ஒப்பந்தங்கள் அமலுக்கு வந்தன. பிரிட்டனுடன் 2025 ஜூலை 24-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்காவை மட்டும் நம்பியது போதும் என்று திரும்பிய சின்ன ஏற்றுமதியாளருக்கு, அந்தச் சந்தைகளை நோக்கிய நல்ல இணையதளம் உண்மையிலேயே விற்பனைக் கருவி. மந்தத்திலும் வேலை வந்த டிசைனர்கள் இந்தப் பக்கம் இருந்தவர்கள். ஆனால் இந்தக் கூட்டம் சிறியது. மாற்றுச் சந்தை தேடும் பட்ஜெட்டில் முதல் பங்கு எப்போதும் வெளிநாட்டுக் கண்காட்சி ஸ்டாலுக்கும் விமான டிக்கெட்டுக்கும் போகிறது, மிச்சம்தான் சைட்டுக்கு.

காதர்பேட்டை கேமராவுக்கு மாறியது

உள்நாட்டுப் பக்கம் கதை வேறு. ரயில் நிலையத்தை ஒட்டிய காதர்பேட்டையில் கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வந்து மூட்டை கட்டிப் போகும் மொத்த வியாபாரம் பழையது. ஏற்றுமதி படுக்கும்போது அங்கே சரக்கு கூடும். நிறுத்தப்பட்ட ஆர்டரின் சரக்கும், செகண்ட்ஸும், சர்ப்ளஸும் அங்கேதான் வந்து இறங்குகின்றன. விற்க வேண்டிய அவசரம் அதிகம், விற்கும் இடம் இணையம். அப்படியானால் வெப் டிசைனருக்கு இது நல்ல காலமாகத்தானே இருந்திருக்க வேண்டும்?

இருந்திருக்கலாம். 2020 ஊரடங்கின்போது ஓரளவு இருந்தது. பிளாட்பாரக் கடைக்காரர்கூட ஆன்லைன் கடை போட விலை கேட்டார். அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பணம் வேறு திசையில் திரும்பிவிட்டது. இன்றைக்குக் காதர்பேட்டைக் கடைக்காரர் சைட் போடுவதில்லை. யூடியூபரைக் கூப்பிட்டு, அலமாரி அலமாரியாகப் பிரித்துக் காட்டி, பீஸ் விலை சொல்லி, கடைசியில் வாட்ஸ்அப் எண்ணைத் திரையில் போடுகிறார். ராமநாதபுரத்தில் வீட்டிலிருந்தே நைட்டி விற்கும் பெண் அந்த வீடியோவைப் பார்த்து, வாட்ஸ்அப் கேட்லாக்கில் டிசைன் தேர்ந்தெடுத்து, ஜிபேயில் பணம் போட்டு, லாரி சர்வீஸில் பார்சல் எடுத்துக்கொள்கிறார். தனித்தனி பீஸாக விற்பவருக்கு மீஷோ, அமேசான், ஃபிளிப்கார்ட் இருக்கின்றன. இந்த வியாபாரம் முழுக்க இணைய வியாபாரம்தான். இதில் எங்கேயும் இணையதளம் இல்லை. மந்தம் கடைக்காரரை இணையத்துக்குத் தள்ளும் என்ற கணிப்பு பலித்தது. வெப் டிசைனர் வாசலில் அவர் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

இதில் டிசைனர்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல காலத்தில் செய்து கொடுத்த ஆன்லைன் கடைகளில் பாதி, படமும் விலையும் மாற்றுவதற்குக்கூட டிசைனரைக் கூப்பிட வேண்டிய நிலையில் இருந்தன. காதர்பேட்டையில் விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வாட்ஸ்அப்பில் கடைப்பையன் அரை நிமிடத்தில் மாற்றிவிடுகிறான்.

பெட்டி: திருப்பூர் பார்த்த மந்தங்கள்

2008: அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் சரிவு, ஏற்றுமதி ஆர்டர்கள் வீழ்ச்சி. தமிழ்நாட்டின் மின்வெட்டும் சேர்ந்துகொண்டது.
2011: நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு, ஜனவரி இறுதியில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடல்.
2016-17: நவம்பரில் பணமதிப்பு நீக்கம், அடுத்த ஜூலையில் ஜி.எஸ்.டி.
2020: ஊரடங்கு, வட மாநிலத் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள்.
2022: ஒரு கண்டி பஞ்சு விலை லட்ச ரூபாயைத் தாண்டியது, நூல் விலையைக் கண்டித்து மே மாதம் கடையடைப்பு.
2025: அமெரிக்காவின் 50 சதவீதக் கூடுதல் வரி.

குற்றவாளி ஏ.ஐ. இல்லையா?

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. இந்தத் தொழில் தேய்வதற்குக் காரணம் மந்தமே இல்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபோதே விதி எழுதப்பட்டுவிட்டது. பெயரும் தொழிலும் சொன்னால் பத்து நிமிடத்தில் சைட் கட்டித் தரும் கருவிகள் இருக்கும்போது எதற்கு டிசைனர்? ஆர்டர் திரும்பினாலும் இந்த வேலை திரும்பாது. இப்படிப் போகிறது அந்த வாதம்.

இதில் உண்மை இருக்கிறது. ஆனால் கருவி இருப்பது வேறு, அதைக் கம்பெனிக்காரர் எடுத்துப் பயன்படுத்துவது வேறு. சுலபமாக சைட் செய்யும் வழிகள் ஏ.ஐ.க்கு வெகுகாலம் முன்பே இருந்தன. 2003-இல் வந்த வேர்ட்பிரஸ் இலவசம். உலகின் இணையதளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. ஆனாலும் திருப்பூர் முதலாளி தானாகச் செய்து பார்க்கவில்லை. அவருக்கு நேரமில்லை, ஷிப்மென்ட் தேதி கழுத்தில் இருந்தது. மந்தம் கொடுத்தது அந்த நேரத்தை. கம்பெனிக்குள்ளேயே லேபிளுக்கும் ஹேங் டேகுக்கும் ஆர்ட்வொர்க் செய்யும் டிசைனர் ஒருவர் இருக்கிறார். புது ஸ்டைல் வராததால் அவர் கை காலியாக இருக்கிறது. மெர்ச்சண்டைசருக்குப் பாதி நாள் வேலையில்லை. கோவையில் பொறியியல் படித்துவிட்டு வந்த மகன் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறார். "நம்மளே ஒண்ணு பண்ணிப் பாக்கலாமே" என்ற பேச்சு அங்கே பிறக்கிறது. விலையை இறக்கியது கருவி. அதை முயன்று பார்க்கக் காரணமும் ஓய்வும் தந்தது மந்தம். முயன்று பார்த்தவர்களில் பலர், சுமாராக வந்தாலும் இது போதும் என்று கண்டுகொண்டார்கள். அதனால்தான் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது வீண் வேலை என்று நினைக்கிறேன். மந்தம் முடிந்த பிறகும் 'இது போதும்' என்ற எண்ணம் நிற்கும். அந்த வகையில் மறுப்பாளர்கள் சொல்வது சரிதான்.

எல்லா முட்டையும் பனியன் கூடையில்

பார்ட்டிகள் எல்லோரும் ஒரே தொழிலில் இருந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் இரண்டு பெரிய நிறுவனங்கள் இணைந்து, சிகாகோவைத் தலைமையிடமாகக் கொண்டு மார்ச்ஃபர்ஸ்ட் என்ற இணைய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள், பல நாடுகளில் அலுவலகம். 2001 ஏப்ரலில் திவால் மனு. அதன் காலத்து இணைய நிறுவனங்கள் பல அதே பாதையில் சரிந்தன. அவர்களுடைய பார்ட்டிகளில் பெரும் பங்கு, முதலீட்டாளர் பணத்தில் ஓடிய டாட்காம் கம்பெனிகள். அந்தப் பணம் நின்ற நாளில் புது வேலையும் பழைய பாக்கியும் ஒன்றாக நின்றன. வேலை குறைந்தால் ஆளைக் குறைக்கலாம். பாக்கியும் சேர்ந்து முழுகினால் தப்ப வழியில்லை.

திருப்பூர் டிசைன் ஆபீஸ்களின் அமைப்பும் இதுதான். பார்ட்டி பட்டியலில் இருபது பெயர் இருந்தால் பதினைந்து பனியன் கம்பெனி, மூன்று பிரிண்டிங் யூனிட், ஒரு நூல் ஏஜென்ட், ஒரு ஷிப்பிங் ஏஜென்சி என்று இருப்பது சாதாரணம். வெளியிலிருந்து பார்க்க இருபது பேர். மந்தம் வரும்போது ஒரே ஆள். கோயம்புத்தூர் ஐம்பது கிலோமீட்டரில் இருக்கிறதே, அங்கே பார்ட்டி பிடிக்கலாமே என்பார்கள். பிடிக்கலாம்தான். ஆனால் எல்லோரும் ஒரே மாதத்தில் கிளம்பி, பம்ப் கம்பெனி வாசலில் ஒரே மாதிரி கொட்டேஷனோடு நிற்கும்போது விலைதான் இறங்கும். அங்கே ஏற்கெனவே போதுமான டிசைனர்கள் இருக்கிறார்கள்.

கொஞ்சம் யோசித்தவர்கள் எதிர்த்திசையில் போயிருக்கிறார்கள். காங்கேயத்தின் அரிசி ஆலைகளுக்கும் தேங்காய் எண்ணெய் ஆலைகளுக்கும், வெள்ளகோவிலின் எண்ணெய் மில்களுக்கும், பல்லடத்தின் கோழிப்பண்ணைகளுக்கும், அனுப்பர்பாளையத்தின் பாத்திரப் பட்டறைகளுக்கும் வாஷிங்டனின் வரி அறிவிப்பு அன்றைக்கே உறைப்பதில்லை. பள்ளிகள், மருத்துவமனைகள், திருமண மண்டபங்களும் அப்படித்தான். இவர்கள் கொடுக்கும் தொகை சின்னது, கேட்கும் வேலை பெரியது என்ற குறை உண்டு. ஆனாலும் இருபதில் எட்டுப் பெயர் இந்தப் பக்கம் இருந்த ஆபீஸுக்கு மாத வாடகை நின்றுபோகவில்லை.

பெட்டி: ரூபாய் சரிவில் இரண்டு முகம்

ரூபாய் மதிப்பு இறங்கினால் ஏற்றுமதியாளருக்குக் கொஞ்சம் ஆறுதல். வெப் டிசைனருக்கு நேர்மாறு. அவர் வாங்கும் சரக்கு டாலரில். டாட் காம் டொமைனின் மொத்த விலை 2021 தொடக்கத்தில் 7.85 டாலர், 2024 செப்டம்பரிலிருந்து 10.26 டாலர். டாலர் 75 ரூபாய் என்று வைத்தால் அன்று 589 ரூபாய். 2025 டிசம்பரில் தொட்ட 90 ரூபாயில் 923 ரூபாய். ஹோஸ்டிங், தீம், பிளக்இன் உரிமங்களுக்கும் இதே கதி. பார்ட்டியிடம் ஆண்டுக் கட்டணம் பேசியது பழைய ரூபாயில்.

நிவாரணம் எங்கே நின்றது?

2025 நவம்பரில் மத்திய அரசும் ரிசர்வ் வங்கியும் ஏற்றுமதியாளருக்குக் கை கொடுத்தன. 20,000 கோடி ரூபாய்க்குக் கடன் உத்தரவாதத் திட்டம் வந்தது. ஜவுளி உள்ளிட்ட துறைகளுக்குச் செப்டம்பர் முதல் டிசம்பர் வரையான கடன் தவணைகளுக்குத் தள்ளிவைப்பு கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து பணம் வந்து சேரவேண்டிய கெடு ஒன்பது மாதத்திலிருந்து பதினைந்து மாதமானது. தேவையான உதவிகள்தான், ஏற்றுமதியாளர் விழுந்தால் அவருக்குக் கீழே உள்ள எல்லோரும் விழுவார்கள். ஆனால் பதினைந்து மாதக் கெடுவைக் கீழேயிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும். பையர் பணம் தர ஒன்றேகால் ஆண்டு எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டமே சொன்னால், 'அடுத்த ஷிப்மென்ட் போகட்டும்' என்ற பதிலுக்கு எல்லையே இல்லாமல் போகிறது. மாடி ஆபீஸின் கம்ப்யூட்டர் இ.எம்.ஐ.க்குத் தள்ளிவைப்பு எதுவும் வரவில்லை.

சட்டம் கைவிட்டுவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம் சொல்கிறது. தவறினால் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சேவை நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். வெப் டிசைன் சேவைதான். 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்து, 2023-24 நிதியாண்டுக் கணக்குக்கே பொருந்திய வருமான வரிச் சட்டப் பிரிவு 43பி(எச்) இன்னும் கடுமை: கெடு தாண்டிய பாக்கியை, உண்மையில் பணம் தரும்வரை, செலவாகக் காட்ட முடியாது. அந்த ஆண்டு மார்ச்சில் கணக்கு முடிக்கும்போது ஜவுளி வணிகர்களிடையே இந்தப் பிரிவு கிளப்பிய பீதி கொஞ்சநஞ்சமல்ல. உத்யம் எண்ணை இன்வாய்ஸில் அச்சடித்திருந்த சின்னச் சப்ளையரின் பில் ஃபைலில் சில படி மேலே ஏறியது.

இதை டிசைனர்கள் ஏன் பயன்படுத்துவதில்லை? வழக்கமாகச் சொல்லும் பதில் பயம்: சட்டம் பேசினால் பார்ட்டி போய்விடுவார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கொங்கு மண்டலத்தில் வியாபாரம் பழக்கத்தில் நடக்கிறது. நோட்டீஸ் அனுப்பியவர் என்ற பெயர் வந்தால் அடுத்த தெருவிலும் வேலை கிடைக்காது. ஆனால் நோட்டீஸ் அனுப்புவதற்கும் இன்வாய்ஸில் உத்யம் எண்ணும் 45 நாள் கெடுவும் அச்சிடுவதற்கும் நிறைய தூரம் இருக்கிறது. இரண்டாவதைச் செய்தால் முதலாளியிடம் யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. மார்ச் மாதம் அவருடைய ஆடிட்டரே கேட்டுவிடுவார். பதிவு இலவசம். இதைச் செய்யாமல் பாக்கியைப் பற்றிப் புலம்புகிறவரிடம் எனக்கு அனுதாபம் கொஞ்சம் குறைவுதான். ஆண்டுக் கட்டணத்தை மூன்று மாதத் தவணையாக முன்பணமாக வாங்குவது, டொமைனைப் பார்ட்டி பெயரிலேயே பதிந்து அதற்கான தொகையை அப்போதே வாங்கிவிடுவது என்று இன்னும் சில எளிய ஏற்பாடுகளும் உண்டு. அப்படிச் செய்தவர்களுக்குப் பிடி குறைகிறது, பாக்கியும் குறைகிறது.

பீஸ் கணக்கில் ஏறும் வேலை

இவையெல்லாம் தப்பிப் பிழைக்கும் வழிகள். ஃபைலின் அடியிலிருந்து மேலே வர வேண்டுமானால், ஷிப்மென்ட்டை நிறுத்தக்கூடிய வேலை ஒன்று டிசைனர் கையில் இருக்க வேண்டும். அப்படி ஒன்று வந்துகொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சூழல்சார் வடிவமைப்பு ஒழுங்குமுறை 2024 ஜூலை 18-இல் அமலுக்கு வந்தது. 2025 ஏப்ரலில் வெளியான அதன் செயல்திட்டத்தில் ஆடைகள் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கின்றன. ஆடைக்கான விரிவான விதிகள் 2027 வாக்கில் வரும் என்பது உத்தேசம். அதன் மையம் டிஜிட்டல் பொருள் பாஸ்போர்ட். ஆடையில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால், என்ன நூல், எங்கே சாயம், எப்படி மறுசுழற்சி என்பது போன்ற விவரங்கள் திரையில் வர வேண்டும். அந்தப் பக்கம் திறக்காவிட்டால் சரக்கு ஐரோப்பியக் கடைக்குள் போகாது. அப்போது அது ஹேங் டேக், பாலிபேக் போல பீஸ் விலையில் ஏறும் செலவு.

இதை ஐரோப்பிய மென்பொருள் நிறுவனங்களும் பெங்களூரு ஆலோசகர்களும்தான் செய்வார்கள், மாடி ஆபீஸுக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று கேட்கலாம். மேல் அடுக்கு அவர்களுக்குத்தான் போகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் திரையில் காட்ட வேண்டிய விவரம் இன்றைக்கு எங்கே இருக்கிறது? டையிங்காரர் கார்பன் தாள் வைத்துக் கையால் எழுதிய டி.சி.யில், அதாவது டெலிவரி சலானில் இருக்கிறது. நிட்டிங் யூனிட்டின் லாட் நோட்டில் இருக்கிறது. வண்ணத்தின் பெயர் கம்பெனியில் ஒன்று, சாயப்பட்டறையில் வேறொன்று, பையரின் ஆர்டர் ஷீட்டில் மூன்றாவது. ஒரே துணிக்குப் பல எடை. ஈரத்தோடு ஒன்று, காம்பாக்டிங் முடிந்து ஒன்று. இதைப் பிரித்து, ஒழுங்குபடுத்தி, ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு பக்கமாக ஏற்றும் வேலையை ஐரோப்பாவிலிருந்து செய்ய முடியாது. டி.சி. என்றால் என்ன, 'ஷேடு ஆஃப்' ஆன லாட்டைத் திருப்பி அனுப்பினால் கணக்கில் எப்படி எழுதுவார்கள் என்று தெரிந்தவர்தான் செய்ய முடியும். திருப்பூர் டிசைனர்களில் பலர் பனியன் கம்பெனி வீட்டுப் பிள்ளைகள். அப்பா கட்டிங் மாஸ்டர், அம்மா செக்கிங். இந்த அறிவு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இதுவரை அதற்கு யாரும் கொட்டேஷன் போட்டதில்லை.

செயல்திட்டத்தில் தேதிகள் தள்ளிப்போகலாம், பிரஸ்ஸல்ஸில் தளர்வுகளுக்கான அழுத்தமும் இருக்கிறது. ஆகவே 2027-ஐ நம்பி யாரும் இன்றைக்குக் கடன் வாங்கிப் புது ஆள் எடுக்கக் கூடாது. ஆனால் ஐரோப்பிய பையரிடம் வேலை செய்யும் இரண்டு மூன்று பார்ட்டிகளைப் பிடித்து, அவர்களுடைய டையிங் டி.சி.க்களை ஒரு மாதத்துக்கு மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றிக் காட்டுவதற்குப் பெரிய முதலீடு எதுவும் தேவையில்லை. ஆர்டர் குறைந்த இந்த மாதங்களில் டிசைனரிடம் நேரம் இருக்கிறது. கம்பெனியின் மெர்ச்சண்டைசரிடமும் இருக்கிறது.